நல்ல தமிழில் வந்த எச்சரிக்கை

திருகோணமலை நீதிமன்றத்துக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடை ஒன்றின் பாதியைப் பலகையால் மறித்து எனக்கு ஓர் அலுவலகம் உண்டு. ஒரு மேசை, மூன்று கதிரைகள், ஓர் அலுமாரி, ஒரு வட்ட முத்திரை. நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று வருவதையெல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி, அடியில் முத்திரை குத்திக் கொடுப்பேன். என் தமிழ் நல்ல தமிழ் என்று நீதவானே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த நல்ல தமிழால் என் வீட்டுக்கு ஒரு நட்டம் வந்தது.

நானும் கணவரும் கணக்கு வைத்திருந்த வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த வங்கி சில வருடங்களுக்கு முன் வாடிக்கையாளர்களுக்குத் தமிழிலும் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியது. முதலில் வந்தது இது: "அன்பான வாடிக்கையாளன், உங்கள் அட்டை தொங்கவிடப்பட்டுள்ளது." இடைநிறுத்தப்பட்டுள்ளது என்று சொல்ல வந்திருக்கிறார்கள். கணக்கில் பணம் போதாமல் போனால், "உங்கள் கணக்குக்குச் சமநிலை போதாது" என்று வரும். யாராவது உங்கள் பணத்தைக் களவாடியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால், "நீங்கள் மோசடி செய்திருந்தால் 2 ஐ அழுத்தவும்" என்று வரும். நான் அறிந்தவரை யாரும் 2 ஐ அழுத்தவில்லை.

கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்கும் ஓவர்ட்ராஃப்ட், அதாவது மேலதிகப்பற்று என்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த சொல் "மேல் இழுவை". என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "உங்கள் மேல் இழுவைக்கு அபராதம்" என்று எனக்கு வந்த செய்தியை வாசித்துவிட்டு, கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"இஞ்ச பார். முப்பத்தொரு வருசம் இழுவைப் படகில நிண்டனான். இப்பதான் அதுக்கு அபராதம் போடுறாங்கள்."

அவருக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்துக்குப் போய், அதுவரை வந்த செய்திகளையெல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பிழையையும் எதிரே விளக்கி, நான்கு பக்கக் கடிதம் ஒன்றை வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்து கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் டிஜிட்டல் பிரிவு அதிகாரி. குரலை வைத்து நாற்பது வயதுக்குள் மதித்தேன்.

"மேடம், உங்க லெட்டரப் பார்த்தோம். மிச்சம் பிரயோசனமா இருந்திச்சு. அந்தத் தமிழ் கம்ப்யூட்டர் செஞ்சது மேடம். அதுக்கு நாங்க யாருக்கும் காசு குடுக்கல்ல."

"அது பார்க்கவே விளங்குது" என்றேன்.

"இப்ப நாங்க புது சிஸ்டம் ஒண்டு கொண்டு வாறம். அதோட மெசேஜ் எல்லாத்தையும் நீங்களே தமிழில எழுதித் தாங்களேன்."

குற்றம் சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதிலாக வேலை கிடைப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒப்புக்கொண்டேன். இந்த ஊர்ச் சனம் வங்கியிடமிருந்து ஒரு நேரான வசனத்தையாவது பெறட்டும் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் அகங்காரமும் இருந்தது.

புது ஒழுங்கில் இரண்டு கண்டுபிடிப்புகள் இருந்தன. கண்டுபிடிப்பு என்பது அவர் பாவித்த சொல். முதலாவதன் பெயர் காவலன். உங்கள் கணக்கில் பணம் போதாமல் போகும் தறுவாயில், காவலன் உங்களுடைய மற்றக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து வந்து நிரப்பிவிடும். அதனால் உங்களுக்கு மேலதிகப்பற்றுக் கட்டணம் இல்லை. காவல் காத்ததற்கு மட்டும் ஒரு கட்டணம் உண்டு.

"இரண்டு கட்டணத்திலயும் எது கூட?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்டுதான் மேடம். ஆனா இதில கஸ்டமருக்கு நிம்மதி இருக்கு."

இரண்டாவது, மோசடியை நாய் மாதிரி மணந்து பிடிக்கும் இயந்திரம். அது ஒவ்வொரு வாடிக்கையாளரின் பழக்கவழக்கத்தையும் படித்து வைத்திருக்கும். அவர் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால், செய்தது அவர்தானா என்று கேட்கும். பத்து நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் கணக்கைப் பூட்டிவிடும். ஒரு மனுசன் தன் வழக்கத்தை மாற்றலாம் என்பதற்கு அதில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அதை அடுத்த கட்டத்தில் பார்ப்பதாகச் சொன்னார்.

நான் பயந்தது இவற்றுக்கு அல்ல. இன்னொரு விசயத்துக்கு. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு எழுபது எழுத்துத்தான் இடம் என்றார். எழுபது போதும் என்று பார்த்தால், அவர்களுடைய எழுபதும் எங்களுடைய எழுபதும் ஒன்றல்ல. மெய்க்கு மேலே வைக்கும் குற்று ஓர் எழுத்து. இகரத்துக்குப் போடும் விசிறி ஓர் எழுத்து. ஆகாரத்துக்குப் போடும் அரவு ஓர் எழுத்து. "ம்" என்று முனகினாலே இரண்டு எழுத்து போய்விடும். எழுபதைத் தாண்டினால் அது இரண்டு செய்தியாகக் கணக்கிடப்படும், செலவும் இரண்டாகும்.

"தயவுசெய்து என்ற சொல்லை எடுத்திருங்க மேடம். பத்து எழுத்து."

"மரியாதை இல்லாமல் எழுதலாமா?"

"மரியாதைக்கு பட்ஜெட் இல்ல மேடம்."

இரண்டு மாதம் இந்த எழுபதோடு மல்லுக்கட்டினேன். ஒரு வசனம் எழுதுவேன், விரல் விட்டு எண்ணுவேன், ஒரு குற்றுக்காக முழு வசனத்தையும் உடைப்பேன். போட்டோக்கொப்பிக் கடைக்காரர் பலகைக்கு மேலால் எட்டிப் பார்த்து, சுகமில்லையா என்று ஒருநாள் விசாரித்தார். முடிவில் வந்தவை எனக்கே பிடித்திருந்தன. மோசடி எச்சரிக்கை இப்படி: "இப்போது பணம் கொடுத்தது நீங்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2." காவலன் வேலை செய்தால் இப்படி: "கணக்கில் பணம் குறைந்தது. சேமிப்பிலிருந்து நிரப்பிவிட்டோம்." அதன் பின்னால் "இதற்குக் கட்டணம் உண்டு" என்று நான் சேர்த்திருந்தேன். இடம் போதாது என்று வெட்டிவிட்டார்கள். சட்டப் பிரிவும் பார்த்து, கட்டணம் பற்றிய விபரம் இணையத்தளத்தில் இருப்பதால் போதும் என்று எழுதி அனுப்பியது. அந்த இணையத்தளத்தில் அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது.

சித்திரை முடிந்த கையோடு புதிய செய்திகள் வரத் தொடங்கின. முதலாவது என் கைப்பேசிக்கு வந்தபோது அலுவலகத்தில் இருந்தேன். என் வசனத்தை வங்கி எனக்கே அனுப்பியிருந்தது. ஒரு பிழை இல்லை. வீட்டுக்குப் போய்க் கணவருக்குக் காட்டலாம் என்று போனால், அவர் தன்னுடைய கைப்பேசியை எனக்குக் காட்டினார். அவருக்கும் ஒன்று வந்திருந்தது.

"இதைப் பார்த்தியா? கள்ளன் அனுப்பியிருக்கிறான்."

"ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?"

"எவ்வளவு வடிவான தமிழ். பாங்க்காரர் இப்பிடி எழுதுவினமே?"

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவருக்கு அந்த வேலையைப் பற்றித் தெரியும்; ஆனால் எழுதியது இதுதான் என்று தெரியாது. கைப்பேசியைத் தூரப் பிடித்து மறுபடி வாசித்தார்.

"நீ எழுதினது எண்டா சரி. ஆனா மற்ற ஆக்களுக்கு அது தெரியாதே" என்றார்.

அது சரியாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வளவில் இதே கதை. புதுவிதமான கள்ளர் வந்திருக்கிறார்களாம், படித்த கள்ளராம், தமிழ் வாத்தியார் யாரையோ கையில் வைத்திருக்கிறார்களாம். நான் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். வங்கியின் எங்களூர்க் கிளையே திங்கட்கிழமை கண்ணாடிக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியது: "போலியான செய்திகள் வருகிறது. அவதானமான இருக்கவும்." தலைமை அலுவலகம் செய்த மாற்றத்தைக் கிளைக்கு யாரும் சொல்லவில்லை. கிளையின் எச்சரிக்கையில் இரண்டு பிழை இருந்தபடியால் எல்லோரும் அதை நம்பினார்கள்.

முதலில் அடிபட்டவர் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த கருவாட்டு வியாபாரி ஒருவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பது போல, நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருடைய காணி உறுதி ஒன்றை முன்பு மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். கடலில் நெத்தலி பட்டால், கரைவலைக்காரர் பத்துப் பதினைந்து பேரிடம் ஒரே காலையில் மொத்தமாக வாங்கிக் காயப்போடுவார். முன்பெல்லாம் காசுப்பையோடு கரைக்குப் போவார். இப்போது வலைக்காரர்களுக்குக் கைப்பேசியாலேயே பணம் போடுகிறார். வங்கிதான் அதை அவருக்குப் பழக்கியது.

ஒருநாள் காலை பத்து மணியளவில் வேர்த்து விறுவிறுத்து என் அலுவலகத்துக்கு வந்தார். சாரத்தில் செதில்கள் ஒட்டியிருந்தன.

"தங்கச்சி, நாலு பேருக்குக் காசு போட்ட. அஞ்சாமாளுக்குப் போடப் போனா கணக்குப் பூட்டியாம். வலைக்காரன் எல்லாம் கரையில நிக்கிறான். நெத்தலி வெயிலுக்க கிடக்கு."

"பாங்கில இருந்து மெசேஜ் ஏதும் வந்ததா நானா?"

"பாங்க் மெசேஜ் வரல்ல. கள்ளன்ட மெசேஜ்தான் ஒண்டு வந்த. அழிச்சுப்போட்டன்."

அழித்தது போக இன்னொன்று இருந்தது. காட்டினார். இப்போது பணம் கொடுத்தது நீங்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2.

என் மேசையில் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, இது யாருடையது என்று கேட்டது போலிருந்தது.

"நானா, இது கள்ளன் எழுதினதில்லை. இது நான் எழுதினது."

அவர் கதிரையில் இருந்தார்.

"அப்ப என்ட கணக்க மறிச்ச ஆள் நீங்களா?"

விளக்கிச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு அவரோடு கிளைக்குப் போனேன். அங்கே எங்கள் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தி அதிகாரியாக இருக்கிறாள். என்னை அன்ரி என்று அழைப்பாள். கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"ஓம், மோசடிப் பிரிவு மறிச்சிருக்கு அன்ரி. ஆனா எங்களால திறக்க ஏலாது. கொழும்புக்குக் கோல் எடுக்கோணும். அதுவும் நாங்கள் எடுக்க ஏலாது, கணக்குக்காரர்தான் எடுக்கோணும்."

நானா வங்கிக்குள் நின்றபடி வங்கிக்கு அழைப்பு எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார். இருபது நிமிடம் ஒரு புல்லாங்குழல் வாசித்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம். நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?"

அந்த வசனமும் என்னுடையது; தொலைபேசியில் கேட்கும் கேள்விகளையும் என்னிடம்தான் எழுதி வாங்கியிருந்தார்கள்.

நானா சுற்றும் முற்றும் பார்த்தார். "பேங்குக்குள்ளதான் நிக்கிறன்" என்றார்.

"உங்கள் அருகில் யாராவது நின்று உங்களை வற்புறுத்துகிறார்களா?"

"ஒரு பொம்புள நிக்கிறா. அவதான் இதெல்லாம் எழுதினதாம்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அந்தப் பதிலை எங்கே பதிவது என்று தேடியிருப்பாள். பிறகு, கடைசியாகச் செய்த மூன்று கொடுப்பனவுகளைச் சொல்லும்படி கேட்டாள். அவர் அன்று காலை வலைக்காரர்களுக்குப் போட்டதைச் சொன்னார். அவை சந்தேகத்துக்குரியவை என்பதால் கணக்கில் எடுக்க முடியாதாம். அவை உண்மையானவை என்று நிரூபிக்க, அவையல்லாத வேறு மூன்றைச் சொல்லவேண்டுமாம். வேறு மூன்றும் போன முறை நெத்தலி பட்டபோது கொடுத்தவை. அவருக்குத் தொகை நினைவில்லை.

"அப்படியானால் உங்கள் தாயாரின் முழுப் பெயர்?"

நானா பின்னால் திரும்பிப் பார்த்தார். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். ஒலியைக் குறைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மெல்லச் சொன்னார். மௌத்தாகிய தாயின் பெயரை வாய்விட்டுச் சொல்லி நாளாகியிருக்கும் போல, பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"பொருந்தவில்லை" என்றாள் அந்தப் பெண்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் விரும்பவில்லை. கைப்பேசியை வாங்கினேன். வங்கியில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் பதிவாகியிருக்கும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது என் பிழைப்பு. முதலாவது எழுத்துக்கூட்டலைச் சொன்னேன். பொருந்தவில்லை. இரண்டாவது. பொருந்தவில்லை. நடுவில் ஓர் எழுத்தை இரட்டித்து, கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டிச் சொன்னேன். பொருந்திவிட்டது. அது அந்த அம்மாவின் பெயரே அல்ல. யாரோ ஓர் எழுதுவினைஞர் அவசரத்தில் தட்டிய பெயர். ஆனாலும் அதைச் சொன்ன பிறகுதான் நானா நானாவானார்.

அதன் பிறகும் காத்திருக்க வைத்து, ஒரு மணி ஐந்துக்குத்தான் கணக்கைத் திறந்தார்கள். பன்னிரண்டரைக்கே மூதூரிலிருந்து வேறொரு வியாபாரி காசுப்பையோடு வந்து கரையில் கிடந்த அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று வலைக்காரர் ஒருவர் அழைத்துச் சொன்னார். நானா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "உங்கட தமிழ் நல்லாத்தான் இரிக்கி தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு கிண்ணியா பஸ்ஸுக்குப் போனார். அன்று பின்னேரம் வங்கியிலிருந்து அவருக்கு, அவருடைய நேரத்துக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி வந்ததாம்.

கொழும்பு அதிகாரிக்கு அழைத்தேன். சனம் நம்பவில்லை, கிளைக்கே தெரியாது, ஒரு விளம்பரமாவது போடுங்கள் என்றேன்.

"கிழக்கில மட்டும்தான் மேடம் இந்தப் பிரச்சினை. ரெண்டு மாசத்தில பழகிருவாங்க."

அந்த இரண்டு மாதத்துக்குள் உண்மையான கள்ளர் வந்தார்கள். அவர்கள் பழைய செய்திகளைத்தான் எடுத்துப் பாவித்தார்கள். எழுதிப் பார்க்கவோ திருத்தவோ அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

அன்றைக்கு நான் கிளிவெட்டியில் ஒரு காணி விசயமாகப் போயிருந்தேன். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால் கணவர் குசினியில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல பாரை. உற்சாகமாக இருந்தார்.

"என்ர அட்டையைத் தொங்கவிட்டிட்டாங்கள்" என்றார். "நான் உடனேயே சரிப்படுத்திப்போட்டன். உன்னைக் கரைச்சல்படுத்தேல்லை."

கையில் வைத்திருந்த பையைக் கீழே வைத்தேன். "எப்பிடிச் சரிப்படுத்தினனீங்கள்?"

செய்தியில் இருந்த லிங்கைத் தொட்டிருக்கிறார். வங்கியின் பக்கம் போலவே ஒன்று வந்திருக்கிறது. அட்டை இலக்கம் கேட்டிருக்கிறது. பிறகு கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கங்களைக் கேட்டிருக்கிறது. பிறகு இன்னொரு ஆறு.

"நான் மடையனில்லை. வடிவாப் பார்த்துத்தான் செய்தனான். 'அன்பான வாடிக்கையாளன்' எண்டு இருந்தது. முந்தி வந்த அதே பிழை. பாங்க் எண்டதில எனக்குச் சந்தேகமே வரேல்லை."

மீன் வெட்டிய கையோடு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கத்தியை மெதுவாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

முதல் தடவையில் அவருடைய ஓய்வூதியக் கணக்கில் இருந்ததை எடுத்திருந்தார்கள். இரண்டாவது தடவை அதைவிடப் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். கணக்கில் அவ்வளவு இல்லை. அந்த இடத்தில் களவு நின்றிருக்கவேண்டும். ஆனால் எங்களிடம் காவலன் இருந்தது. கணக்கில் பணம் போதாமல் போகிறதே என்று பதறி, எங்கள் இருவரின் பெயரிலும் இருந்த சேமிப்புக் கணக்குக்கு ஓடிப்போய், குறைந்த பணத்தை எடுத்து வந்து கள்ளனுடைய கையில் வைத்திருக்கிறது. அதற்குரிய கட்டணத்தையும் எங்களிடமே எடுத்திருக்கிறது. மோசடியை மணந்து பிடிக்கும் இயந்திரம் சும்மா இருந்துவிட்டது. முற்பகல் வேளை, ஓய்வூதியக்காரரின் கணக்கு, கேட்ட இலக்கமெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் சந்தேகம் வர ஒன்றும் இருக்கவில்லை. நெத்தலி வாங்குபவரைப் போல அவர் அவசரப்படவில்லை.

காவலன் அவருக்குச் செய்தியும் அனுப்பியிருந்தது. கணக்கில் பணம் குறைந்தது, சேமிப்பிலிருந்து நிரப்பிவிட்டோம். அதை அவர் பார்த்திருக்கிறார்.

"அது வடிவான தமிழில இருந்தது" என்றார். "கள்ளன் எண்டு அழிச்சிட்டன்."

"நான் எழுதினது எண்டு சொன்னனான் தானே?"

"நீ எழுதினது அந்த ஒண்டுதான் எண்டு நினைச்சனான்."

அட்டையை மறிக்கச் சொல்லி அழைத்து, அந்தப் புல்லாங்குழலைக் கேட்டுக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் இருப்பதாக உறுதி சொல்லி, மறித்தோம். அன்று அந்தப் பாரையை யாரும் சாப்பிடவில்லை. அடுத்த மூன்று நாள் அவர் வெளியே போகவில்லை. துறைமுகத்தில் அவரோடு நின்ற நண்பர்கள் பின்னேரங்களில் கடற்கரையில் கூடுவார்கள். அங்கேயும் போகவில்லை. கப்பலை இழுத்துக் கரை சேர்த்த மனுசன், ஆறு இலக்கத்தில் கவிழ்ந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு அதைவிட வெட்கம். அவரைத் தேற்றுவதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் நல்ல தமிழ்தான். அதைப் பாவிக்கப் பயமாக இருந்தது.

கொழும்புக்கு அழைத்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், இலக்கத்தை அவரே குடுத்திருக்காரு. சிஸ்டம் மெசேஜும் சரியா அனுப்பியிருக்கு. மெசேஜ் விளங்காமப் போனா அது தமிழ்ப் பிரச்சினை. அத எழுதினது..."

"நான்" என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்ல வரல்ல மேடம்."

மறுநாள் எழுத உட்கார்ந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். களவு போனதை இரண்டாகப் பிரித்தேன். முதல் தொகை எங்கள் கவலையீனத்தால் போனது, ஒத்துக்கொள்கிறோம். இரண்டாவது தொகை எங்கள் கணக்கில் இருக்கவில்லை. அதை வேறு கணக்கிலிருந்து எடுத்து வந்தது நாங்களும் அல்ல, கள்ளனும் அல்ல. எடுத்து வந்ததற்குக் கூலி பெற்றவர் யாரோ, அவர்தான் பதில் சொல்லவேண்டும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று அடியில் முத்திரை குத்தி, பிரதிகளை மத்திய வங்கி உட்பட இன்னும் மூன்று இடங்களுக்கு அனுப்புவதாகவும் எழுதினேன்.

ஏழு கிழமைக்குப் பிறகு இரண்டாவது தொகை திரும்ப வந்தது. நல்லெண்ண அடிப்படையில் தருகிறார்களாம், பிழையை ஏற்றுக்கொள்வதாகக் கொள்ளக்கூடாதாம். காவல் கட்டணத்தையும் தந்தார்கள். முதல் தொகை போனது போனதுதான். தெருவில் இன்னும் மூன்று வீட்டில் இதே கதை என்று பிறகு தெரிய வந்தது. அவர்களும் வெட்கத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இருவருக்கு வந்தது, ஒருவருக்கு வரவில்லை.

அந்த நாட்களில்தான் அதிகாரி கடைசியாக அழைத்தார். கொஞ்சம் தயங்கினார்.

"மேடம், ஒரு சின்ன உதவி. கஸ்டமர்மாருக்குப் பழைய ஸ்டைல்தான் நம்பிக்கையா இருக்குன்னு எங்க ஆய்வில வந்திருக்கு. உங்க மெசேஜையே வச்சுக்கலாம். ஆனா ஒவ்வொண்டிலயும் ஒரு பிழை போட்டுத் தர ஏலுமா? சின்னப் பிழை. கள்ளனுக்குத் தெரியாத மாதிரிப் பிழை."

"அதுக்கும் எழுபது எழுத்துக்குள்ளதானா?"

"ஓம் மேடம். பிழைக்கு மேலதிகமா காசும் தரலாம்."

சரியாக எழுதியதற்குக் கொடுத்ததைவிடப் பிழையாக எழுதுவதற்குக் கூடுதலாகத் தருகிறார்கள். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு ஏலாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. பழைய கணினியே அதை இலவசமாகச் செய்யும் என்று நினைவு வந்திருக்கும். ஐப்பசியில் எல்லோருடைய அட்டைகளும் மறுபடி தொங்கத் தொடங்கின. கிளையின் கதவில் இருந்த கடதாசியைக் கழற்றினார்கள்.

என் கணவர் தேறி வந்ததும் அந்த மாதத்தில்தான். யார் கைப்பேசியைக் கொண்டுவந்து இது உண்மையா பொய்யா என்று கேட்டாலும், இப்போது அவர் தமிழைப் பார்ப்பதில்லை. "இது உங்களிட்ட ஏதும் கேக்குதா?" என்று விசாரிப்பார். "கேட்டா கள்ளன். கேளாமல் எடுத்தா பாங்க்" என்பார். அதில் இதுவரை அவர் பிழை விட்டதில்லை.

போன கிழமை காவலனை நிறுத்த இருவரும் கிளைக்குப் போனோம். எங்கள் தெருப் பெண் ஒரு படிவம் தந்தாள். நிறுத்துவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கணவர் பேனையை வாங்கித் தானே எழுதினார்: எங்களுக்குக் காவல் தேவையில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அவள் படிவத்தை வாசித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அங்கிள், நிப்பாட்டுறதுக்கும் ஒரு சின்னக் கட்டணம் இருக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுத்தார். மிச்சம் கேட்கவில்லை. வெளியே வந்து, உள்துறைமுகப் பக்கம் நடந்து போய், சந்தியில் இருந்த கடையில் ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்தோம். தூரத்தில் ஓர் இழுவைப் படகு பெரிய கப்பல் ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவன் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறான் என்று அவர் குறை சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.